வீரன் என்று பதாகை கட்டியவர்களுக்கு

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத் தலைவர் பொய் சொல்கிறார். சந்தியில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் அவர் கட்டிவைத்திருக்கும் பதாகையில் என் படம் இருக்கிறது. அதற்குக் கீழே ‘வெள்ளத்தை வென்ற வீரன்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் யோகனின் படம். அதற்குக் கீழே ‘ஊரைக் காத்து உயிர் நீத்த உத்தமன்’. நான் எதையும் வெல்லவில்லை. யோகன் ஊரைக் காத்ததால் சாகவில்லை. இரண்டும் தலைவருக்குத் தெரியும்.

நான் எழுதிப் பழகிய ஆள் அல்ல. தென்மராட்சியில் வயல் செய்கிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் கிடக்கிறேன். பாரம் தூக்கக்கூடாது, சேற்றில் இறங்கக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். இந்த மாரியில் மழை விடாமல் அடித்தது. நெல் குடலையாக நின்றது, அதாவது கதிர் இன்னும் வெளியே வராமல் உள்ளே திரண்டுகொண்டிருந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் முழுவதும் ஒரேயொரு மதகால்தான் கடல்நீரேரிக்குப் போகவேண்டும். அந்த மதகு அடைத்துக்கொண்டது. பனங்குத்தி, வாழைமரம், பிளாஸ்ரிக் போத்தல், செத்த ஆடு ஒன்று, எல்லாம் சேர்ந்து இறுகிவிட்டன. தண்ணீர் றோட்டைத் தாண்டி வீடுகளுக்குள் ஏறத் தொடங்கியது. நானும் யோகனும் இறங்கினோம். யோகன் எனக்குப் பக்கத்து வயல்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன்.

கழுத்தளவு தண்ணீர். றோட்டில் ஊரே நின்று “அங்காலை இழு, இஞ்சாலை தள்ளு” என்று சொல்லித் தந்துகொண்டிருந்தது. தலைவர் குடையும் கைபேசியுமாக நின்றார்.

“தம்பிமார், ஒருக்கா இந்தப் பக்கம் திரும்புங்கோ. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு அனுப்பவேணும்.”

“வடிவா வரவேணுமெண்டா நீங்களும் இறங்குங்கோ தலைவர்,” என்றான் யோகன். பிறகு என்னைப் பார்த்து, “மச்சான், ஆட்டின்ரை தலைப்பக்கம் நீ பிடி. நான் காலைப் பிடிக்கிறன். மூஞ்சையைப் பாத்தா எனக்கு ராவைக்குச் சோறு இறங்காது,” என்றான்.

பனங்குத்தியை வெட்டி இழுத்தபோது தண்ணீர் ஒரே உறுமலாக ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். என் காலில் இரண்டு இடத்தில் கிழித்திருந்தது. யோகனுக்கும் அப்படித்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் யோசிக்கவில்லை. சேற்றில் நிற்கிறவன் காலில் கீறல் இல்லாமல் இருந்தால்தான் புதினம்.

அந்தக் காணொளி கனடா, லண்டன் எல்லாம் போனதாம். ‘எங்கள் மண்ணின் வீரர்கள்’ என்று போட்டிருந்தார்களாம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீருக்குள் இறங்க எனக்குப் பெரிய துணிவு எதுவும் தேவைப்படவில்லை. இறங்காவிட்டால் என் நெல்லும் போயிருக்கும். சுற்றி நிற்கிற ஆட்கள் பார்க்கும்போது இறங்குவது சுகமான வேலை. இறங்காமல் நிற்பதுதான் கஷ்டம்.

ஒரு கிழமைக்கு மேல் போயிருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு படுத்தேன். அடுத்த நாள் கெண்டைக்கால் சதையில் ஒரு நோ. இடுப்பில் கட்டியிருந்த சாரம் உரசினாலே கத்தவேண்டும்போல இருந்தது. கண் சிவந்தது. யோகனுக்கும் அதே காய்ச்சல் என்று அவன் மனைவி ரஞ்சி வந்து சொன்னாள். பிறகு என் கண் மஞ்சளாகியது.

கண் மஞ்சளானால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை. செங்கமாரிக்கு ஆஸ்பத்திரி கூடாது, ஊசி போட்டால் ஆள் முடிந்தான் என்பது ஊர்ச் சட்டம். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கவேண்டும். உப்பில்லாத, எண்ணெயில்லாத சோறு. செவ்விளநீர். வேப்பிலையால் மந்திரித்துப் பார்வை பார்க்க ஒரு ஆள். நானும் அதையெல்லாம் குடித்தேன். என் வீட்டுக்கு வந்த செவ்விளநீரை அடுக்கிவைக்க இடமில்லை. கொண்டுவந்த சனம் அன்பால்தான் கொண்டுவந்தது. அதில் எனக்குக் கோபமில்லை.

என் மனைவி புவனா இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, கடைசியா எப்ப மூத்திரம் பெய்தனீங்கள்?”

நேற்றுக் காலையோ என்னவோ, எனக்குச் சரியாக நினைவில்லை. இவ்வளவு இளநீர் குடித்தும் ஒரு சொட்டும் போகவில்லை. அவள் எழும்பிப் போய் ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டாள்.

ஓட்டோ வந்து நின்ற சத்தத்துக்கே கேற்றடியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் முன்னுக்கு நின்றார். எங்கள் ஊரில் சனசமூக நிலையம், வயல்காரருக்கான கமக்காரர் அமைப்பு, கோயில் பரிபாலன சபை மூன்றுக்கும் அவர்தான் தலைவர். அவர் சொல்லை மீறி எங்கள் ஒழுங்கையில் யாரும் வேலிகூட அடைப்பதில்லை.

“தங்கச்சி, விசர் வேலை பாக்காதை. உது செங்கமாரி. ஊசி போட்டா ஈரல் வெந்துபோகும்.”

“நேற்றுக் காலமையிலை இருந்து மனிசன் மூத்திரம் பெய்யேல்லை அண்ணை.”

“உதைப் போய் றோட்டிலை நிண்டு சொல்லுறியோ? வெக்கமில்லையே?”

“வெக்கப்பட்டா வருமோ? விலகுங்கோ.”

“நாளைக்கு ஏதும் நடந்தா ஊர் உன்னைத்தான் கேக்கும், சொல்லிப்போட்டன்.”

“கேக்கட்டும். நான் இருப்பன்தானே பதில் சொல்ல.”

என்னை ஓட்டோவுக்குள் ஏற்றியது அவளும் ஓட்டோக்காரனும் மட்டும்தான். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் மதகடியில் கை தட்டிய அதே ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தலைவருக்கு முன்னால் கை கொடுக்கப் பயந்தார்கள்.

வழியில் யோகனின் வீட்டில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். யோகன் கட்டிலில் சாய்ந்திருந்தான். முகமெல்லாம் மஞ்சள். கையில் பச்சைச் சாறு நிறைந்த கிளாஸ். நான் ஓட்டோவுக்குள் இருந்தபடி யன்னலால் பார்த்தேன்.

“யோகண்ணை, வாங்கோ. இதிலையே இன்னொரு ஆள் இருக்கலாம்,” என்றாள் புவனா.

“நான் வரேல்லை. அவன் சின்னனிலை இருந்தே பயந்தாங்கொள்ளி, கொண்டுபோ. எடேய் மச்சான்! நீ போய்ப் படு. நான் இதைக் குடிச்சு எழும்பி உன்னைப் பாக்கச் சைக்கிளிலை வாறன்.”

ரஞ்சி புவனாவின் கையைப் பிடித்தாள். வர விருப்பம் என்று முகத்தில் தெரிந்தது. அவளுடைய தமையன் வாசலில் நின்று, “ஒருத்தி புருசனைக் கொல்ல நிக்கிறாள். நீயுமோ?” என்றான். ரஞ்சி கையை விட்டாள்.

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கண்ணைப் பார்த்தார். கெண்டைக்காலை ஒருமுறை அமத்தினார். நான் கத்திய சத்தம் வெளியில் கேட்டிருக்கும்.

“தண்ணிக்கை இறங்கினனீங்களோ?”

“வயல்தான் டொக்டர் எங்கடை தொழில்.”

உடனே ஒரு ஊசி போட்டு, அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

எனக்கு வந்தது எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் பெய்கிற மூத்திரத்தில் ஒரு கிருமி இருக்கிறது. வெள்ளத்தில் அது கலந்து நிற்கும். காலில் ஒரு கீறல் இருந்தால் அதற்குப் போதும், உள்ளே வந்துவிடும். முதலில் சாதாரணக் காய்ச்சல்போல இருக்கும். பிறகு ஈரலைப் பிடிக்கும், அதனால்தான் கண் மஞ்சள். சிறுநீரகத்தைப் பிடிக்கும், அதனால்தான் மூத்திரம் நிற்கும். கடைசியாக நெஞ்சுக்குள் இரத்தம் கசியும். வேளைக்குப் போனால் ஊசியில் மாறும். இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் ஒரு இளம் பெண் டொக்டர். புவனா அவரிடம் கேட்டாள்.

“பிள்ளை, ஊசி போட்டா ஈரல் வேகும் எண்டு ஊரிலை சொல்லுறாங்கள். உண்மையோ?”

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. “இல்லை அம்மா, வேகாது. போடாமல் விட்டாத்தான் பயம். நீங்கள் கொண்டுவந்தது நல்லது,” என்றது. அந்த வார்த்தையைப் புவனா பிறகு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். ஊர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? தான் என்னைக் கொல்லக் கொண்டுவந்திருந்தால்? அதை அவள் எனக்குச் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வீட்டிலிருந்து எங்களோடு கொண்டுவந்த செவ்விளநீரை நேர்ஸ் வாங்கி எறிந்தார். சிறுநீரகம் வேலை செய்யாதபோது இளநீரில் இருக்கும் ஒரு உப்பு உடம்பில் தங்கி நெஞ்சை நிற்பாட்டிவிடுமாம். ஊர் அன்போடு தந்தது எனக்கு நஞ்சாக இருந்திருக்கிறது.

இரத்தத்தைச் சோதித்துக் கிரியேட்டினின் என்று ஒன்று சொன்னார்கள். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டுகிற கணக்கு அது. எனக்கு ஏறிக்கொண்டே போனது. கழுத்தில் குழாய் போட்டு மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். அதற்குப் பெயர் டயலிசிஸ். என் இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய் மெசினுக்குள் சுற்றி மற்றக் குழாயால் திரும்பி வந்தது. எனக்குக் குளிர் எடுத்தது. செத்தாலும் பரவாயில்லை, இந்தக் குழாயை இழுத்துவிடலாம் என்று ஒருமுறை கை போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கண்டுவிட்டார்.

“அண்ணை, முதல்தரமோ? கையை எடுங்கோ. பயப்பிடாதையுங்கோ, உந்த மெசின் எங்களை விட நல்ல பிள்ளை. குடிக்காது, மனிசியோட சண்டை பிடிக்காது.”

அவர் பெயர் சூசை. குருநகரில் கடலுக்குப் போன ஆள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இப்போது கடலுக்குப் போவதில்லை, வலை தைக்கிறார். கிழமையில் சில நாள் வந்து இந்த மெசினில் படுத்துவிட்டுப் போகிறார்.

“நீங்கள்தானே உந்த மதகுக்குள்ளை இறங்கின ஆள்? போனிலை பாத்தன். பெரிய வீரன் அப்பா நீங்கள்.”

“நீங்கள் எவ்வளவு காலமா உதிலை படுக்கிறீங்கள்?”

“மகள் ஓ.எல். சோதினை எடுத்த வருசத்திலை இருந்து. இப்ப அவள் கம்பசிலை படிக்கிறாள்.”

“உங்களை ஆரும் போனிலை எடுத்துப் போடேல்லையோ?”

“என்னத்தை எடுக்கிறது? நான் பஸ்ஸிலை ஏறுறதையோ?” என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் மெசின் கத்தத் தொடங்கிவிட்டது. நேர்ஸ் வந்து இரண்டு பேரையும் ஏசினார்.

சூசையின் மனைவி எங்களுக்கும் சேர்த்து மீன் சொதி கொண்டுவந்தார். அன்று வெள்ளிக்கிழமை, புவனா வேண்டாம் என்றாள். அடுத்த முறை அந்த மனிசி முருங்கையிலைச் சொதி வைத்து, “இது உங்கடை முருகனுக்கும் ஒத்துவரும், சாப்பிடுங்கோ தங்கச்சி,” என்று தந்தார். எனக்கு அளந்துதான் தண்ணீர். எனக்குக் குடிக்கக் கிடைக்காததால் புவனாவும் எனக்கு முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டாள். வெளியே போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். அதைக் கண்டும் காணாததுபோல நான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் காசு கேட்கவில்லை. வெளியில் எடுத்த சில சோதனைகளுக்கும் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும்தான் போனது. புவனாவின் சங்கிலி அடைவு கடையில் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நான் தினமும் யோகனைக் கேட்பேன். “நிக்கிறார், நிக்கிறார், கண் வெளிச்சிட்டுதாம்,” என்பாள். ஒருநாள் காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள். தலை ஈரம். கண் வீங்கியிருந்தது. கேட்டேன். பஸ்ஸில் புழுதி என்றாள். மழைக்காலத்தில் என்ன புழுதி என்று கேட்க எனக்கு அப்போது தெம்பு இல்லை. அவள் கஞ்சியை ஊட்டினாள். நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வார்ட்டுக்கு வந்தார். எலிக்காய்ச்சல் வந்த ஆட்களை வந்து விசாரிப்பது அவர்கள் வேலையாம். எங்கே இறங்கினேன், எப்போது இறங்கினேன் என்று கேட்டு எழுதினார். பிறகு கேட்டார்.

“குளிசை போட்டனீங்களோ?”

“என்ன குளிசை?”

“வயலுக்கை இறங்க முதல் போடுற தடுப்புக் குளிசை. கிழமைக்கு ஒருக்காப் போடுறது.”

“எங்களுக்கு ஆரும் தரேல்லை ஐயா.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “உங்கடை ஊருக்கு மாரி தொடங்கேக்கையே பெட்டி குடுத்தாச்சே. கமக்காரர் அமைப்புத் தலைவர் கையெழுத்து வைச்சு வாங்கினவர். வீடு வீடாக் குடுக்கச் சொல்லிச் சொன்னனாங்கள்.”

புவனா எழும்பி வெளியே போனாள். தலைவருக்குத் தொலைபேசி எடுத்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் அவள் குரல் எனக்குக் கேட்டது. அவர் சொன்னதை அவள் பிறகு சொல்லுக்குச் சொல் சொன்னாள்.

“ஓம் தங்கச்சி, பெட்டி பத்திரமா அலுமாரிக்கை இருக்கு. அதைச் சும்மா குடுக்கேலுமோ? வழங்கிவைக்கிற நிகழ்வு ஒண்டு செய்யவேணும். பிரதம விருந்தினருக்கு நாள் கிடைக்கேல்லை. வெளிநாட்டுச் சங்கமும் படம் கேட்டிருக்கு.”

எங்கள் ஊர் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு கொப்பி கொடுத்தாலும் மேடை போடுவோம். மங்கல விளக்கு ஏற்றவேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை. மாலை போடவேண்டும். வாங்குகிற பிள்ளை கமெராவைப் பார்க்கவேண்டும். படம் விழுந்த பிறகுதான் கொப்பி பிள்ளையின் கைக்குப் போகும். இதை நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். கொப்பி ஒரு மாதம் பிந்தினால் பிள்ளை சாகாது. குளிசையையும் அவர் கொப்பி மாதிரி நினைத்துவிட்டார். நாங்கள் கழுத்தளவு தண்ணீரில் செத்த ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்கான குளிசை நிலையத்தின் அலுமாரிக்குள் பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்தது. எங்களைப் படம் எடுக்க அவருக்கு நேரம் இருந்தது. அலுமாரியைத் திறக்க நேரம் இருக்கவில்லை.

யோகன் செத்தது எனக்குத் தெரியவந்தது அடுத்த நாள். என் பெரியப்பாவின் மகன் என்னைப் பார்க்க வந்தான். நல்ல பெடியன்தான், வாய் மட்டும் நிற்காது.

“அண்ணை, உங்களுக்குச் சந்தியிலை பதாகை கட்டியிருக்கு, பாத்தனீங்களோ?” என்று கைபேசியை நீட்டினான். புவனா கட்டிலைச் சுற்றி ஓடிவந்தாள். அவள் கை எட்டுவதற்கு முன் நான் கண்டுவிட்டேன். வலப்பக்கம் நான். இடப்பக்கம் யோகன், படத்தைச் சுற்றிப் பூமாலை வரைந்திருந்தார்கள்.

“எப்ப?” என்றேன்.

“நீங்கள் மெசினிலை இருக்கேக்கை,” என்றாள் புவனா.

நான் போன பிறகு யோகன் மூன்று நாள் அந்தச் சாற்றைக் குடித்திருக்கிறான். பிறகு இருமலில் இரத்தம் வந்திருக்கிறது. அப்போதும் யோசித்திருக்கிறார்கள். மூச்சு எடுக்க முடியாமல் போன பிறகுதான் அம்புலன்ஸ். இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு மேல் மாடியில்தான் கிடந்தான். அடுத்த நாளே முடிந்துவிட்டது. புவனா மேலேயும் கீழேயும் ஏறி இறங்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறாள். அவன் போன பிறகும் எனக்கு முன்னால் வந்து கண் வெளிச்சிட்டுதாம் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த மனிசன் சைக்கிளில் வருவேன் என்று சொன்னவன். அவனைப் பற்றி இங்கே அதிகம் எழுதமாட்டேன். எழுதினால் இது வேறு மாதிரிப் போய்விடும்.

சில நாள் கழித்து என் மூத்திரப் பையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. புவனாதான் முதலில் கண்டாள். “மிஸ்ஸி, மிஸ்ஸி, வந்திட்டுது!” என்று நேர்ஸைக் கூப்பிட்டு அவள் கத்தியதில் வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சூசை அன்று கிளினிக்குக்கு வந்திருந்தார். பையைத் தூக்கிப் பார்த்து, “வாழ்த்துகள் அண்ணை. எனக்கு உந்தப் பாக்கியம் இல்லை,” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ரஞ்சி வந்தாள். செத்தவீட்டில் நடந்ததை அவள்தான் சொன்னாள். தலைவர் செத்தவீட்டில் இரங்கலுரை சொன்னாராம். வெள்ளத்தோடு போராடிய வீரன் என்றாராம். எலிக்காய்ச்சல் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லையாம். செங்கமாரிக்காரனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டதால் போனான் என்று பந்தலுக்குள் கதை பரவியதாம். புவனா பஸ் எடுத்து அங்கே போய் நின்றிருக்கிறாள். ரஞ்சியின் தமையன் எல்லோருக்கும் முன்னால், “உவள்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி எண்டு எங்கடை வீட்டிலை வந்து கத்தினவள். உவளின்ரை வாயாலைதான் போனவன்,” என்று ஏசியிருக்கிறான். ஒருவரும் தடுக்கவில்லை. புவனா யோகனின் காலைத் தொட்டுவிட்டு, தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினாள். புழுதி என்று சொன்னாளே, அது அந்த நாள்.

“நான் அண்டைக்கு வாயைத் திறக்கேல்லை அக்கா,” என்று ரஞ்சி அழுதாள். “ஓட்டோவிலை ஏத்தியிருக்கலாம்.”

“உன்னாலை அப்ப ஏலாதடி,” என்றாள் புவனா. “அழாதை.”

“ஒண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும் அக்கா. என்ரை மனிசன் படுத்துக் கிடக்கேக்கை, நீங்கள் சொன்ன அந்தக் குளிசைப் பெட்டி என்னத்துக்கெண்டு தலைவருக்குத் தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ வீட்டை வந்து செங்கமாரி எண்டு சொன்னவர்?”

புவனாவுக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாது.

போன கிழமை தலைவர் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் கௌரவிப்பு விழாவாம். எனக்குப் பொன்னாடை, விருது. யோகனின் படத்துக்கு மாலை. பிரதம விருந்தினருக்கு இப்போது நாள் கிடைத்துவிட்டதாம்.

“அதோட அந்தக் குளிசையளையும் வழங்கி வைப்பம். ஒரு நிகழ்விலை ரெண்டு வேலையும் முடிஞ்சிடும். நீர்தான் முதல் பெட்டியை வாங்கவேணும் தம்பி. படம் நல்லா வரும்.”

நான் எழும்ப முயன்றேன். புவனா தோளில் அமத்தினாள். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணை,” என்றாள். அவர் குடித்தார். போகும்போது அவளைப் பார்த்து, “மனிசன் தப்பினது கந்தன் புண்ணியம் தங்கச்சி. இனியாவது ஊரோட ஒத்துப் போ,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீரன் வேண்டுமென்றால் படம் எடுக்க என் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும், அந்தக் காலையில். ஒரு பொம்பிளை கேற்றடியில் நின்று, பிழைத்தால் நன்றி இல்லை, செத்தால் கொலைகாரி என்று தெரிந்துகொண்டே, புருசனின் மூத்திரத்தைப் பற்றி ஊருக்கு முன்னால் கதைத்தாள். அப்போது கை தட்ட ஆள் இல்லை. தான் செய்வது சரியோ பிழையோ என்றுகூட அவளுக்குத் தெரியாது. அப்படியும் செய்தாள். அடுத்த நாளும் செய்தாள். செத்தவீட்டில் ஏச்சு வாங்கிவிட்டு வந்தும் செய்தாள். நான் அவளிடம் இதைச் சொன்னேன். “விசர்க்கதை கதையாமல் குளிசையைப் போடுங்கோ,” என்றாள்.

பதாகைக்காக மட்டும் நான் இவ்வளவு கோபப்படவில்லை. கோவிலடிப் பக்கம் ஒரு வீட்டில் ஒருவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கண் சிவப்பு. கீழ்க்காய்நெல்லி தேடுகிறார்கள். நேற்றுப் புவனா போனாள். கேற் திறக்கவில்லை. உள்ளே இருந்து, “நீ உன்ரை வேலையைப் பார். யோகனை முடிச்சதே காணும்,” என்று ஒரு குரல் மட்டும் வந்தது. தலைவரின் ஒரு சொல்லுக்கு அந்தக் கேற் திறக்கும். அவர் சொல்லமாட்டார். எலிக்காய்ச்சல் என்று சொன்னால் அலுமாரியைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.

தலைவரே, இனி உங்களோடு நேரே கதைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். பொன்னாடை வேண்டாம், விருது வேண்டாம். புவனாவும் வருவாள். ரஞ்சியும் வருவாள். ஞாயிறு வரை காத்திராமல் அந்தக் கோவிலடி வீட்டுக்கு இன்றைக்கே போய், இது செங்கமாரி இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறுங்கள். உங்கள் பிரதம விருந்தினர் இருக்கட்டும், வெளிநாட்டுச் சங்கத்துக்கு நேரலை போகட்டும். ஒலிபெருக்கியை ஊர் முழுக்கக் கேட்கும்படி வையுங்கள். ரஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: அவள் வீட்டிலும் என் கேற்றடியிலும் நின்று இது செங்கமாரி, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நீங்கள் சொன்ன அன்று, உங்கள் அலுமாரியில் இருந்த குளிசை எந்த நோய்க்கானது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?